இடமறிந்து அமைத்தல்

அடுக்களையில் உள்ள அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடுகு ஓர் அறையில் இருக்கும். சீரகம் ஓர் அறையில் இருக்கும். மிளகும் வெந்தயமும் மஞ்சளும் தத்தம் அறைகளில் அடங்கியிருக்கும். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது அன்னையின் கை கடுகைத் தேடி அலைவதில்லை. கண் பாராமலே கை சென்று எடுத்துவிடுகின்றது. ஒரு பொருள் நம்மிடம் இருந்தால் மட்டும் போதாது. அஃது இருக்க வேண்டிய இடத்தில் இருத்தலும் வேண்டும். இவ்வுண்மையை அச்சிறு பெட்டி நாள்தோறும் நமக்கு உணர்த்துகின்றது.

இவ்வுண்மை கணிப்பொறியின் திரைக்கும் பொருந்தும். இக்காலத்தில் வங்கி, நூலகம், மருத்துவமனை, புகைவண்டி நிலையம் ஆகிய இடங்களில் எல்லாம் மேசைமேல் கணிப்பொறி இருக்கக் காண்கிறோம். அதில் ஒரு நிரலைத் தொடங்கியதும் திரையில் நாற்கோணமான ஒரு பரப்புத் தோன்றுகின்றது. அதனைச் சாளரம் என்பர். எழுத்துகளை இடுவதற்குரிய பெட்டிகள், அழுத்துவதற்குரிய பொத்தான்கள், தேர்ந்தெடுப்பதற்குரிய பட்டியல்கள், இன்னது இன்னதெனக் குறிக்கும் பெயர்கள் ஆகியன அச்சாளரத்தின் உறுப்புகள் ஆகும். இவ்வுறுப்புகளை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது, எவற்றை அருகருகே வைப்பது, எவற்றை விலக்கி வைப்பது என்று ஆராய்ந்து அமைக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

கணிப்பொறி தோன்றிய தொடக்க நாள்களில் சாளரமும் இல்லை, பொத்தானும் இல்லை. துளையிட்ட அட்டைகளின் வாயிலாகவும், பின்னர் விசைப்பலகையில் கட்டளைகளைத் தட்டியுமே மக்கள் அதனோடு உரையாடி வந்தனர். 1968 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள், அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர் ஒரு புதுமையைப் பலரறியக் காட்டினார். மேசைமேல் ஒரு சிறு கருவியை அவர் கையால் நகர்த்தவே, திரையில் ஒரு குறி அதற்கேற்ப நகர்ந்தது. நாம் இன்று சுட்டி என வழங்கும் கருவி அதுவே. திரையில் உள்ள ஒன்றைச் சுட்டிக்காட்டிப் பணி கொள்ளலாம் என்பது அன்று உலகிற்கு விளங்கிற்று. 1973 ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு நிலையத்தார் ஆல்ட்டோ என்னும் கணிப்பொறியை உருவாக்கினர். அதன்மீது சாளரங்களையும் பட்டிகளையும் கொண்ட நிரல்கள் எழுந்தன. அந்நிறுவனத்தின் ஸ்டார் என்னும் கணிப்பொறி 1981 ஆம் ஆண்டிலும், ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் 1984 ஆம் ஆண்டிலும், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 1985 ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. இவற்றால் திரையில் உறுப்புகளை அமைக்கும் கலையும் வளரலாயிற்று.

திரை என்பது எண்ணிறந்த சிறு புள்ளிகளால் ஆயது. முதல் மெக்கின்டாஷின் திரையில் குறுக்கே 512 புள்ளிகளும் நெடுக்கே 342 புள்ளிகளும் இருந்தன. ஆகவே ஒரு பொத்தானை வைக்க விரும்பிய நிரலர், இடப்புறத்திலிருந்து இத்தனையாவது புள்ளியில், மேலிருந்து இத்தனையாவது புள்ளியில், இத்தனை புள்ளி அகலத்தில் அதனை வரைக என்று எழுதிவிட்டால் போதும். அக்கணிப்பொறிகள் யாவற்றிலும் திரை ஒரே அளவினதாய் இருந்தமையால் பொத்தான் எங்கும் ஒரே வகையாகத் தோன்றிற்று. இது சுவரில் அளவெடுத்து ஆணி அடித்துப் படத்தை மாட்டுவது போன்றது. எளிய முறைதான், ஆயினும் சுவர் மாறாத வரையில்தான் அது பயன்படும்.

சுவரோ மாறத் தொடங்கிற்று. திரைகள் பலவகை அளவுகளில் வந்தன. இன்று பரவலாக வழங்கும் ஒருவகைத் திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள்! முதல் மெக்கின்டாஷின் திரையில் இருந்த புள்ளிகளைப்போல ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு ஆகும். அன்றியும், சாளரத்தின் ஓரத்தைப் பற்றி இழுத்து அதனைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் பயன்படுத்துவோர் விரும்பினர். ஆணியடித்தாற்போல் அமைத்த சாளரத்தைப் பெரிதாக்கினால் நேர்வது யாது? உறுப்புகள் எல்லாம் இடப்பக்கத்து மேல்மூலையிலேயே ஒடுங்கி நிற்க, எஞ்சிய பரப்பு வெறுமையாய்க் கிடக்கும். சிறிதாக்கினாலோ, வலப்பக்கத்துப் பொத்தான்கள் சாளரத்திற்கு வெளியே சென்று மறைந்துவிடும். 'சேமி' என்னும் பொத்தானே மறைந்துவிட்டால், எழுதியவர் தம் உழைப்பை எங்ஙனம் காத்துக்கொள்வார்?

எழுத்தின் அளவும் ஒரு தன்மையதாய் நிற்பதில்லை. பார்வை குறைந்த முதியவர் ஒருவர் திரையின் எழுத்துகளைப் பெரிதாக்கிக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். எழுத்துப் பெரிதாகும்; ஆணியடித்த பெட்டி பெரிதாகாது. அதனால் சொல்லின் பாதி வெட்டுண்டு போகும். படிப்பதற்கு உதவியாக அவர் செய்த செயலே படிக்க முடியாமைக்குக் காரணம் ஆகிவிடும். மொழி மாறும்போதும் இவ்விடர் உண்டு. அமைப்புகள் என்னும் பொருள்பட ஆங்கிலத்தார் வழங்கும் 'செட்டிங்ஸ்' என்ற சொல்லுக்கு அம்மொழியில் எட்டெழுத்து. அதே பொருளில் ஜெர்மானியர் வழங்கும் சொல்லுக்குப் பதின்மூன்று எழுத்து. நம் தமிழிலோ, எழுத்தின் தலைமேல் விசிறியும் சுழியும் புள்ளியும் ஏறுகின்றன. சில எழுத்துகள் கீழும் இறங்குகின்றன. ண, ஞ போன்றவை அகன்று நிற்கின்றன. ஆங்கிலத்துக்கென்று அளவெடுத்து அடைத்த பெட்டியில் தமிழ்ச் சொல்லை இட்டால் தலையோ காலோ வாலோ வெட்டுப்படுதல் இயல்பே. அரபு மொழியும் எபிரேய மொழியும் வலமிருந்து இடமாக எழுதப்படுவன. அம்மொழியாளர்க்குச் சாளரம் முழுவதுமே கண்ணாடியில் கண்டாற்போல் இடம்வலம் மாறி அமைதல் வேண்டும்.

இவ்விடர்களுக்கெல்லாம் தீர்வு யாது? 'இப்பொத்தான் இத்தனையாவது புள்ளியில் நிற்க' என்று கட்டளையிடுவதை விடுத்து, 'இப்பொத்தான் அப்பெட்டிக்குக் கீழே நிற்க. இப்பட்டியல் எஞ்சிய இடத்தை நிரப்புக' என்று உறவு முறையைக் கூறுதலே தீர்வாகும். எண்ணைக் கணக்கிடும் வேலையைக் கணிப்பொறியே செய்துகொள்ளும். சாளரத்தின் அளவு மாறுந்தோறும் அது மீண்டும் கணக்கிட்டு உறுப்புகளை உரிய இடத்தில் வைக்கும். இப்பணியைச் செய்யும் நிரற்பகுதியை ஆங்கிலத்தில் லேஅவுட் மேனேஜர் என்பர். நாம் அதனை அமைப்பாளர் என்று அழைப்போம்.

இக்கருத்திற்கு அச்சுக்கலை பெரிதும் துணைசெய்தது. அச்சுக் கோப்போர் ஒரு வரியின் இரு ஓரங்களும் நேராக அமையும் பொருட்டுச் சொற்களுக்கு இடையே உள்ள வெளியைச் சிறிது கூட்டியும் குறைத்தும் வைப்பர். 1970 களின் பிற்பகுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், நூல்களை அச்சுக் கோப்பதற்காக டெக் என்னும் நிரலை ஆக்கினார். அதில் எழுத்துகளும் சொற்களும் பெட்டிகளாகக் கொள்ளப்பட்டன. பெட்டிகளுக்கு இடையே உள்ள வெளியை அவர் பசை என்றார். ஒவ்வொரு பசைக்கும் மூன்று அளவுகள் உண்டு. இயல்பான அளவு ஒன்று. வேண்டுமாயின் எவ்வளவு நீளலாம் என்பது ஒன்று. எவ்வளவு சுருங்கலாம் என்பது மற்றொன்று. 1980 களில் அதே பல்கலைக்கழகத்தில் மார்க் லின்டனும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய இன்டர்வியூஸ் என்னும் தொகுதி, பெட்டியும் பசையும் என்னும் இம்முறையைச் சாளர உறுப்புகளுக்கும் பயன்படுத்திற்று. தாளில் சொற்களை ஒழுங்குபடுத்திய அறிவு திரையில் பொத்தான்களை ஒழுங்குபடுத்த வந்தது. ஒரு துறையில் விளைந்த அறிவு மற்றொரு துறைக்கு உரமாவதற்கு இது நல்ல சான்றாகும்.

அமைப்பாளரைப் பரவச் செய்த பெருமை ஜாவா மொழிக்கு உண்டு. 1996 ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அம்மொழியின் முதற்பதிப்பை வெளியிட்டது. ஒருமுறை எழுதிய நிரல் பலவகைக் கணிப்பொறிகளிலும் இயங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். விண்டோஸில் ஒரு பொத்தான் ஓர் அளவாக இருக்கும். மெக்கின்டாஷில் வேறோர் அளவாக இருக்கும். ஆதலால் புள்ளிக் கணக்கை நம்பி அங்குப் பயனில்லை. அம்மொழி முதற்பதிப்பிலேயே சில அமைப்பாளர்களைத் தந்தது. அவற்றுள் மூன்றனை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது ஃப்ளோ லேஅவுட். இதனை ஒழுகமைப்பு எனலாம். நாம் தாளில் சொற்களை எழுதுவது போல, உறுப்புகளை இது வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும். வரியில் இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்குச் செல்லும். உறுப்புகளின் அளவை இது மாற்றுவதில்லை. ஒரு வரிசைப் பொத்தான்களை வைப்பதற்கு இது ஏற்றது.

இரண்டாவது கிரிட் லேஅவுட். இது கட்டமைப்பு. பரப்பு முழுவதையும் ஒத்த அளவுள்ள கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பை நிரப்பும். சதுரங்கப் பலகையையோ, கணக்கிடும் கருவியின் எண் பொத்தான்களையோ அமைப்பதற்கு இது பொருந்தும். ஆயினும் சிறிய பெயருக்கும் பெரிய பெட்டிக்கும் ஒரே அளவு இடம் தருவதால் எல்லா இடத்திற்கும் இது பொருந்தாது.

மூன்றாவது பார்டர் லேஅவுட். இதனை எல்லையமைப்பு எனலாம். இது பரப்பை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என ஐந்தாகப் பகுக்கும். வடக்கும் தெற்கும் தமக்கு வேண்டிய உயரத்தை மட்டும் பெற்று, அகலத்தில் சாளரம் முழுவதும் பரவும். மேற்கும் கிழக்கும் தமக்கு வேண்டிய அகலத்தை மட்டும் பெற்று, எஞ்சிய உயரம் முழுவதும் நிற்கும். மீதி இடம் அனைத்தும் நடுவுக்கு உரியது. ஐந்து பகுதிகளுள் எதனையும் வெறுமையாக விடலாம். நடு ஒழிந்த ஒரு பகுதியை அவ்வாறு விட்டால் அதன் இடத்தை ஏனையவை எடுத்துக்கொள்ளும். அஞ்சறைப் பெட்டியைப் போன்று இதற்கும் ஐந்து இடங்கள் உண்டு. ஆனால் அப்பெட்டியின் அறைகள் மாறா அளவின. இவ்வறைகளோ இடத்திற்கேற்ப விரிந்து சுருங்குவன.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்குவோம். ஒரு நூலகத்திற்குரிய சாளரத்தை அமைக்க வேண்டும். நூலின் பெயரைத் தட்டித் தேடுவதற்குரிய வரிசையை வடக்கே வைக்கிறோம். அதற்கு 40 புள்ளி உயரம் வேண்டும். வரலாறு, அறிவியல், இலக்கியம் என்னும் துறைகளின் பட்டியலை மேற்கே வைக்கிறோம். அதற்கு 180 புள்ளி அகலம் வேண்டும். பொத்தான் வரிசையைத் தெற்கே வைக்கிறோம். அதற்கு 30 புள்ளி உயரம் வேண்டும். கிழக்கை வெறுமையாக விடுகிறோம். நூல்களின் அட்டவணையை நடுவில் வைக்கிறோம். சாளரம் 800 புள்ளி அகலமும் 600 புள்ளி உயரமும் உடையதாயின், அட்டவணைக்குக் கிடைக்கும் அகலம் 800 இல் 180 போக 620 ஆகும். உயரம் 600 இல் 40 உம் 30 உம் போக 530 ஆகும். நூலகர் சாளரத்தை 1200 க்கு 800 ஆகப் பெரிதாக்குகிறார். அப்போது அட்டவணை 1020 க்கு 730 ஆக வளர்கின்றது. தேடும் வரிசையின் உயரமும், துறைப்பட்டியலின் அகலமும், பொத்தான் வரிசையின் உயரமும் மாறவில்லை. எதற்கு இடம் மிகுதியாக வேண்டுமோ அதற்கே இடம் சென்று சேர்ந்தது. நிரலர் ஒரு புள்ளியையும் எண்ணவில்லை.

தெற்கில் உள்ளது ஒரே ஓர் இடந்தானே, அங்கே பல பொத்தான்களை எங்ஙனம் வைப்பது என்று நீங்கள் வினவலாம். உறுப்புகளை உள்ளடக்கும் வெறும் பலகை ஒன்றும் ஓர் உறுப்பே ஆகும். அப்பலகையைத் தெற்கில் வைத்து, அதனுள் ஒழுகமைப்பின்படி பொத்தான்களை வரிசைப்படுத்தலாம். பலகைக்குள் பலகை, அதற்குள் மற்றொரு பலகை என எத்தனை அடுக்காயினும் அமைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் அறையும், அறைக்குள் அலமாரியும், அலமாரிக்குள் பெட்டியும் இருப்பதனைப் போன்றது இது. அளவு கணக்கிடும் முறையும் இவ்வடுக்கை ஒட்டியே நிகழும். முதலில் வேண்டுகோள் கீழிருந்து மேலே செல்லும். ஒவ்வொரு பொத்தானும் தன் எழுத்தின் அளவை நோக்கி, எனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று தன் பலகைக்குக் கூறும். பலகை அவற்றைக் கூட்டித் தன் தேவையைச் சாளரத்திற்குக் கூறும். பின்னர்ப் பங்கீடு மேலிருந்து கீழே வரும். சாளரம் தன் பரப்பைப் பலகைகளுக்குப் பகுத்துத் தர, அவை தத்தம் உறுப்புகளுக்குப் பகுத்துத் தரும்.

மிகுந்த இடத்தை எந்த அளவில் பகிர்வது என்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் எடை என ஓர் எண்ணைக் குறிப்பர். அருகருகே உள்ள இரண்டு பெட்டிகளுக்கு எடை 2, 1 எனக் கொள்வோம். சாளரம் 300 புள்ளி அகன்றால் முதற்பெட்டி 200 புள்ளியும், இரண்டாம் பெட்டி 100 புள்ளியும் பெறும். எடை சுழியாயின் அவ்வுறுப்பு வளராது. கூட்டு வாணிகத்தில் முதலுக்கேற்ப இலாபத்தைப் பகிரும் கணக்கை வகுப்பில் செய்திருக்கிறீர்கள் அன்றோ? அக்கணக்கே இங்கும் பயன்படுகின்றது.

பிற்காலத்தில் இம்முறை மேலும் வளர்ந்தது. இரு பெயர்களின் இடவோரங்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும், இப்பெட்டி அப்பெட்டியைப்போல் இருமடங்கு அகலம் பெற வேண்டும் என்றாற்போன்ற நிபந்தனைகளைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கணிப்பொறியே தீர்க்கும் வழி அது. படங்களை இவ்வாறு நிபந்தனைகளால் கட்டலாம் என்பதை 1963 ஆம் ஆண்டிலேயே ஐவன் சதர்லாந்து தம் ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலில் காட்டியிருந்தார். 1990 களின் பிற்பகுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் கேசொவாரி என்னும் விரைவான தீர்வு முறையை வகுத்தனர். ஆப்பிள் நிறுவனம் அம்முறையை 2011 ஆம் ஆண்டில் தன் கணிப்பொறிகளில் பயன்படுத்தலாயிற்று. கணக்குப் பாடத்தில் நாம் தீர்க்கும் சமன்பாடுகள் ஒரு பொத்தானின் இடத்தையும் தீர்மானிக்கின்றன என்பது வியப்பிற்குரியது அன்றோ?

இதுவரை கூறியது கணிப்பொறியின் வேலை. எஞ்சியது மனிதனின் வேலை. எதனை எங்கே வைக்க வேண்டும் என்னும் அறிவைக் கருவி தாராது; அது காண்பவரின் கண்ணையும் கையையும் கருத்தையும் அறிந்தவரே செய்யத் தக்கது. அதற்குரிய நெறிகள் சிலவற்றைக் காண்போம்.

முதல் நெறி, தொடர்புடையன அருகருகே இருத்தல். 1923 ஆம் ஆண்டில் மாக்ஸ் வெர்தைமர் என்னும் உளநூல் அறிஞர், அருகருகே உள்ள புள்ளிகளை நம் கண் ஒரு குழுவாகவே காண்கின்றது என்பதை ஆராய்ந்து எழுதினார். ஆகவே 'பெயர்' என்னும் சொல் அதற்குரிய பெட்டிக்கு அருகில் இருத்தல் வேண்டும். அடுத்த பெட்டிக்கும் அதற்கும் சமதூரமாக இருப்பின், எச்சொல் எப்பெட்டிக்கு உரியது என்று மயக்கம் தோன்றும். இரண்டு குழுக்களுக்கு இடையே விடும் வெற்றிடம் வீண் அன்று. பத்தி பிரித்து எழுதிய கட்டுரை படிப்பதற்கு எளிதாயிருப்பது போல், இடைவெளி விட்ட சாளரமும் எளிதில் விளங்கும்.

இரண்டாம் நெறி, ஓரங்கள் நேராக நிற்றல். பெட்டிகளின் இடவோரம் ஒரே கோட்டில் இருந்தால் கண் ஒரே நேராக இறங்கிச் செல்லும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நின்றால் கண் ஒவ்வொரு வரியிலும் தேடித் தேடிக் களைத்துப்போகும்.

மூன்றாம் நெறி, அடிக்கடி வேண்டுவன எட்டும் தொலைவில் பெரிதாக இருத்தல். 1954 ஆம் ஆண்டில் பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், ஓர் இலக்கைக் கை சென்றடையும் நேரம் இலக்கின் தொலைவு மிகுந்தால் மிகும், இலக்கின் அகலம் மிகுந்தால் குறையும் என்று கண்டறிந்தார். நாளொன்றுக்கு நூறுமுறை அழுத்தும் பொத்தானைச் சிறிதாக்கி மூலையில் ஒளித்து வைத்தால், அதனைப் பயன்படுத்துவோரின் நேரத்தை நூறுமுறை வீணாக்குகிறோம்.

நான்காம் நெறி, கேடு விளைப்பன விலகி இருத்தல். 'சேமி' என்பதற்கு ஒட்டினாற்போல் 'அழி' என்பதை வைத்தலாகாது. கை சற்றே வழுவினால் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

ஐந்தாம் நெறி, வழக்கத்தோடு ஒத்திருத்தல். விண்டோஸில் இசைவுப் பொத்தான் இடப்புறத்திலும் விலக்குப் பொத்தான் வலப்புறத்திலும் இருத்தல் வழக்கம். மெக்கின்டாஷில் இசைவுப் பொத்தான் வலக்கோடியில் நிற்கும். எது சிறந்தது என்று வழக்காடுவதைக் காட்டிலும், அவ்வவ்விடத்து வழக்கைப் பின்பற்றுதலே அறிவுடைமை. பழகிய கை பழகிய இடத்திற்கே செல்லும்.

ஆறாம் நெறி, யாவர்க்கும் பயன்படுதல். சுட்டியைப் பிடிக்க இயலாதவர் விசைப்பலகையால் மட்டுமே ஒவ்வோர் உறுப்பாகச் செல்வர். பார்வையற்றவர் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் நிரலின் குரலைக் கேட்டுச் செல்வர். ஆகவே உறுப்புகளின் வரிசை கண்ணுக்கு மட்டுமன்றிக் கருத்துக்கும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். பெயருக்குப் பின் முகவரி, முகவரிக்குப் பின் தொலைபேசி எண் என அது முறையாகச் செல்லுதல் வேண்டும். நிறத்தால் மட்டும் ஒன்றனை உணர்த்துதலும் ஆகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் உலகில் பலர் உளர்.

இந்நெறிகளைப் புறக்கணித்தால் விளையும் இழப்பு சிறிதன்று. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11 ஆம் நாள் அமெரிக்க நாட்டுச் சிட்டி வங்கியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ரெவ்லான் என்னும் நிறுவனத்தின் கடனுக்கு உரிய வட்டியாக ஏறத்தாழ 78 இலட்சம் டாலரைக் கடன் கொடுத்தோர்க்கு அனுப்புவதே அன்றைய பணி. அவ்வங்கி பயன்படுத்திய நிரலில், முதல்தொகை வெளியே செல்லாமல் வங்கியின் உட்கணக்கிலேயே நிற்க வேண்டுமாயின், மூன்று கட்டங்களில் குறிப்பிடுதல் வேண்டும். அலுவலர் ஒரு கட்டத்தில் மட்டும் குறிப்பிட்டால் போதும் என்று கருதினார். அப்பணியை மூவர் பார்த்து ஒப்பினர். மூவருக்கும் பிழை புலப்படவில்லை. பணம் வெளியே செல்லும் என்று திரை எச்சரித்தது. ஆனால் எவ்வளவு பணம் என்பதைக் கூறவில்லை. விளைவு யாது? ஏறத்தாழ 90 கோடி டாலர் வங்கியை விட்டுச் சென்றது! பெற்றோருள் சிலர் திருப்பித் தந்தனர், சிலர் மறுத்தனர். ஏறத்தாழ 50 கோடி டாலர் பற்றிய வழக்கில் 2021 ஆம் ஆண்டில் வங்கி தோற்றது. மேல்முறையீட்டில் 2022 ஆம் ஆண்டில்தான் வங்கிக்குச் சார்பான தீர்ப்புக் கிடைத்தது.

இந்நிகழ்ச்சிக்குத் திரை ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் திரை நன்கு அமைந்திருந்தால் பிழை கண்ணில் பட்டிருக்கக்கூடும். ஒரே செயலுக்குரிய மூன்று கட்டங்களையும் ஒரு பலகையில் சேர்த்து, இம்மூன்றும் ஒருங்கே வேண்டும் என்று குறித்து, வெளியே செல்லும் தொகையைப் பெரிய எண்களில் அருகே காட்டியிருந்தால், மூவருள் ஒருவரேனும் திடுக்கிட்டு நின்றிருப்பார். கற்றறிந்தவரும் கவனமுள்ளவரும் தடுமாறும் வண்ணம் ஒரு கருவி அமைந்திருக்குமாயின், தடுமாறியவரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது.

ஆதலால் ஒரு சாளரத்தை அமைக்க விரும்புவோர், முதலில் கணிப்பொறியின் முன் அமர்தல் வேண்டா. ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். இச்சாளரத்தை யார் பயன்படுத்துவார், எதனை அடிக்கடி செய்வார், எதனை அரிதாகச் செய்வார், எதில் பிழை நேர்ந்தால் இழப்பு மிகுதி என்று எண்ணிப் பார்த்துக் கட்டங்களை வரைதல் வேண்டும். எது வளர வேண்டும், எது வளராமல் நிற்க வேண்டும் என்று குறித்தல் வேண்டும். அதன்பின் அமைப்பாளரைத் தேர்ந்து நிரலை எழுதலாம். எழுதி முடித்ததும் சாளரத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும், எழுத்தைப் பெருக்கியும், தமிழில் ஒருமுறை ஆங்கிலத்தில் ஒருமுறை இட்டும் சோதித்தல் வேண்டும். இவற்றினும் சிறந்த சோதனை ஒன்று உண்டு. அச்சாளரத்தை முன்பின் அறியாத ஒருவரிடம் தந்து, வாய் திறவாமல் அருகில் இருந்து பார்த்தல் வேண்டும். அவர் கண் எங்கே தேடுகின்றது, கை எங்கே தயங்குகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். அவர் தயங்கும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

மாணவர்களே, உங்களுள் சிலர் பிற்காலத்தில் நிரலராகலாம். பலர் வேறு தொழில்களில் புகலாம். எத்தொழிலில் இருப்பினும் பிறர் பயன்படுத்தும் ஒன்றனை ஒழுங்குசெய்யும் வாய்ப்பு உங்களுக்கு வாய்க்கும். அது பள்ளி அறிவிப்புப் பலகையாக இருக்கலாம். மருந்துக்கடையின் அலமாரியாக இருக்கலாம். ஊராட்சி அலுவலகத்தின் விண்ணப்பத் தாளாக இருக்கலாம். அங்கெல்லாம், நமக்கு எது எளிது என்று எண்ணாமல், வருபவர்க்கு எது எளிது என்று எண்ணி அமைப்போமாக. விண்ணப்பத் தாளின் முன் எழுதுகோலுடன் நிற்கும் முதியவர், யாரிடம் கேட்பது என்று தயங்காமல் தாமே அதனை நிரப்பிக் கொடுத்துச் செல்வாராயின், நம் அமைப்பு நல்ல அமைப்பு என்பதற்கு அதுவே சான்றாகும்.